இரட்டைப்பல்லனுக்கு மீட்டாவின் முகம்

ரோய்கோப்பில் சிமெண்டால் ஆன எதைப் பார்த்தாலும் அது கெர்னீல்ஸ் அரெண்ட்சே செய்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஆட்டுத் தொட்டி, காற்றாடிக் கிணற்றுத் தொட்டி, பள்ளிக்கூடத்துக் கழிப்பறை, தேவாலயத்தின் படிக்கட்டு, இடுகாட்டில் முக்கால்வாசிக் கல்லறைகள் எல்லாம் அவர் கைவேலை. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியும் அவருடையது, கடைசியில் மேலே வைத்து மூடும் பலகையும் அவருடையது. நடுவில் உள்ள வாழ்க்கையை மட்டும் நாங்கள் சொந்தமாகப் பார்த்துக்கொண்டோம்.

அவர் தொழிலில் ஒரே ஒரு குறை. முகம் என்று ஒன்று செய்ய வேண்டி வந்தால், அது ஊரில் யாராவது ஒருவருடைய முகமாகத்தான் வரும். பள்ளி வாத்தியார் தன் மனைவியின் கல்லறைக்கு ஒரு தேவதை கேட்டார். தேவதை வந்தது. இறக்கை அருமை, அங்கியின் மடிப்பு அருமை. முகம் மட்டும் கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் லாரிக்காரனுடையது.

"என் பொண்டாட்டி தலைமாட்டுல அந்த ஆளு எதுக்கு நிக்கிறான்?" என்று வாத்தியார் கேட்டார்.

"அன்னிக்கு அவன்தான் வாத்தியாரே கேஸ் கொண்டாந்தான். பார்த்துட்டேன். கை அப்படியே போயிருச்சு" என்றார் கெர்னீல்ஸ்.

எங்கள் பக்கத்தில் வயதில் மூத்த ஆண்கள் எல்லோரும் 'ஊம்', மூத்த பெண்கள் எல்லோரும் 'தான்னி'. வேறு மரியாதை எதுவும் எங்களிடம் இருப்பில் இல்லை. ஊம் கெர்னீல்ஸை இளவட்டங்கள் அதன்பிறகு கண்டால் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஓடின. "ஊம், இன்னிக்கு என்னைப் பாக்காதீங்க, நாளைக்கு யாரோ சாகப்போறாங்களாம்!" அவர் கோபப்பட்டதே கிடையாது. கோபத்துக்கும் அவருக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதற்குள் ஆள் ஓடிவிட்டிருக்கும்.

இப்படிப்பட்ட மனிதருக்குத் தான்னி மீட்டா ஸ்தூர்மன் மேல் பிரியம்.

மீட்டாவுக்கு எங்கள் வட்டாரத்தில் பாதிரியாரை விட அதிகாரம். ஆட்டு ஏலத்தில் வாய் பார்ப்பது அவர் வேலை. தாடையைப் பிடித்து, கட்டைவிரலால் உதட்டை விலக்கி, கீழ்வரிசையை ஒரே பார்வை பார்த்து வயதைக் கணித்து, "ரெண்டு பல்லு!", "நாலு பல்லு!", "வாய் நிறைஞ்சுது!", "வாய் போச்சு!" என்று கூவுவார். வாய் போச்சு என்றால் அந்த ஆட்டின் சரித்திரம் அத்தோடு முடிந்தது. எங்கள் வறண்ட காரூ நிலத்தின் புதரைக் கடித்து இழுக்கக் கீழ்ப்பல் வேண்டும். பல் போன ஆடு முதல் வறட்சியிலேயே படுத்துவிடும். படுப்பதற்கு முன்னால் அதைக் கசாப்புக் கடைக்கு அனுப்பிவிடுவது எங்கள் ஊர்க் கருணை. மீட்டாவின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. ஆட்டுக்கும் கிடையாது, ஆட்டுக்காரனுக்கும் கிடையாது.

புருஷன் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கெர்னீல்ஸின் பிரியம் ஊருக்குத் தெரியும், மீட்டாவுக்குத் தெரியும், மீட்டாவின் நாய்க்கும் தெரியும். அது இவரைக் கண்டால் மட்டும் குரைக்காது, கொட்டாவி விடும். பூங்கொத்து கொண்டுபோகும் ஆண்களும் உலகத்தில் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறோம். கெர்னீல்ஸ் சிமெண்ட் சாமான் கொண்டுபோனார். கோழிக்குத் தண்ணீர்த் தொட்டி, உட்கார ஒரு பெஞ்சு, குருவி குளிக்க ஒரு கிண்ணம். மீட்டாவின் முற்றத்தில் நடக்க இடம் குறைந்துகொண்டே வந்தது. நேருக்கு நேர் 'நீ' என்று சொல்லக்கூட அவருக்குக் கூச்சம். ஏதோ ஊரில் இல்லாத மூன்றாவது மனுஷியைப் பற்றிச் சொல்வது போலத்தான் பேசுவார்.

"மீட்டாவுக்கு ஒரு துவைக்கிற கல்லு கொண்டாந்தேன்."

"போன வருஷம் கொண்டாந்தது அப்படியே இருக்கே."

"அது நாலுக்கு ஒண்ணு கலவை. இது மூணுக்கு ஒண்ணு."

"சரி. வேற எதாவது சொல்லணுமா, கெர்னீல்ஸ்?"

அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடிவிட்டு, மறுபடி மாட்டிக்கொள்வார்.

"ஈரச்சாக்கு போட்டு மூடி வைக்கணும். இல்லாட்டி வெடிச்சிரும்."

"அவ்வளவுதானா?"

"நாலு பக்கமும் நனைக்கணும்."

அவ்வளவுதான். வருஷக்கணக்கில் அவ்வளவுதான். நாங்கள் கேட்டால், "அவசரப்பட்டா எதுவும் இறுகாதுப்பா" என்பார். இது சிமெண்டைப் பொறுத்தவரை உண்மை.

இந்த இடத்தில் எங்கள் ஊரின் பேரழிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ரோய்கோப்புக்கு ஒரு காலத்தில் ரயில் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் நின்றுபோனது. ஸ்டேஷன் மாஸ்டர், ஓட்டல் முதலாளி, வங்கி மேலாளர் என்று பெரிய தாடை படைத்தவர்கள் எல்லோரும் ஒரே வருஷத்தில் மறைந்தார்கள். அவர்கள் தின்றது பெரிய இரை. அது இல்லையென்றால் அவர்களும் இல்லை. எது கிடைத்தாலும் தின்னக் கூடியவர்கள் மட்டும் மிஞ்சினோம். பிறகு அந்தக் காலி இடத்தில் புதுப் புது உருவங்கள் கிளம்பின. முடி மட்டும் வெட்டிக்கொண்டிருந்த டோல்ஃப், முடி வெட்டிக்கொண்டே போனுக்குச் சார்ஜ் ஏற்றுபவராகவும், சவப்பெட்டி விற்பவராகவும் வளர்ந்தார். பெரிய கடை மூடிய கட்டடத்தின் நான்கு மூலையிலும் நான்கு சின்னக் கடைகள் முளைத்தன. ஒன்று விற்பதை மற்றது விற்காது, ஒன்றை ஒன்று கடிக்கவும் செய்யாது.

ஆகவே கேப் டவுனிலிருந்து டாக்டர் நொலிதா வந்து, இருபத்தைந்து கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு பேரழிவு நடந்தது என்று பள்ளிக்கூட மண்டபத்தில் சொன்னபோது, உலகத்திலேயே அதைச் சட்டென்று புரிந்துகொண்ட ஜனங்கள் நாங்களாகத்தான் இருக்க வேண்டும். அவர் மருந்து கொடுக்கும் டாக்டர் அல்ல, எலும்பு டாக்டர். அதிலும் நோயாளி எல்லாம் கல்லாகிப் போனவர்கள்.

"மலையில கீழ சாம்பப் பச்சைப் பாறை, மேல செவப்புப் பாறை. நடுவுல ஒரு கோடு மாதிரி தெரியுதில்லையா? அதுதான் அந்த அழிவு" என்றார் டாக்டர். "கோட்டுக்குக் கீழ விதவிதமா மிருகங்கள். கோட்டுக்கு மேல, அள்ள அள்ள ஏறக்குறைய ஒரே மிருகம்."

"வறட்சியா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"வறட்சிதான். வடக்கே ரொம்ப தூரத்துல எரிமலைகள் லட்சக்கணக்கான வருஷம் கக்கிக்கிட்டே இருந்துச்சு. சூடு ஏறிச்சு. இங்க ஆறெல்லாம் வத்திப் போச்சு."

"அரசாங்கம் தீவனம் குடுத்துச்சா?"

"அப்ப அரசாங்கமே கிடையாதுங்க."

"இப்பவும் அதே நெலமைதான் டாக்டர், மேல சொல்லுங்க."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் எங்கள் ஆள். பாழாய்க் கிடந்த ரயில் ஸ்டேஷனை அருங்காட்சியகமாக மாற்றப் பணம் கிடைத்திருக்கிறது என்றார். நிஜ அளவில் மூன்று மிருகங்கள் நடைமேடையில் நிற்க வேண்டும். செய்ய ஆள் உண்டா? மண்டபம் முழுவதும் திரும்பி கெர்னீல்ஸைப் பார்த்தது. கெர்னீல்ஸ் தனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

அதே சமயத்தில் கசாப்புக்கடை ஊம் ஃபான் கூப்மனுக்குப் புதுப் பல் வந்தது. இருந்த பழைய நாலைந்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மேலும் கீழும் முழுவரிசை கட்டிக்கொண்டு பட்டணத்திலிருந்து திரும்பியவர், தெருவில் கல்லைப் பார்த்தும் சிரித்தார். இத்தனை பல்லை வைத்துக்கொண்டு தனியாக இருப்பது வீண் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வாய் பார்க்கும் பெண்ணிடமே போனார்.

"தொறப்பு விழா அன்னிக்குப் பாதிரியார் முன்னால உன்னைக் கேக்கப் போறேன், மீட்டா. இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் திடீர்னு கேட்டுட்டான்னு சொல்லக் கூடாது."

"கேளுங்க. அன்னிக்குப் பதில் சொல்றேன்" என்றார் மீட்டா.

சொல்லிவிட்டு நேராக கெர்னீல்ஸின் கொட்டகைக்குப் போனார். வேலியோரம் ஆடு மேய்ப்பது போல நாங்களும் இரண்டு பேர் போனோம். கெர்னீல்ஸ் தள்ளுவண்டியில் கலவை கலந்துகொண்டிருந்தார்.

"ஃபான் கேக்கப் போறாராம்."

"எதை?"

"என்னை."

மண்வெட்டி நின்றது. மறுபடி கிளம்பியது.

"எதாவது சொல்லு, கெர்னீல்ஸ்."

"ஃபான்... நல்ல ஆளுதான். குளிர்பெட்டி புதுசு வாங்கியிருக்காரு."

மீட்டா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏலத்தில் ஆட்டைப் பார்க்கும் பார்வை அது. ஆனால் எதுவும் கூவவில்லை. போய்விட்டார். கெர்னீல்ஸ் ஒரு சாக்குமூட்டை மேல் உட்கார்ந்தார். அவர் ஆயுளில் முதல் முறையாக ஒரு கலவை வண்டியிலேயே இறுகிப்போனது. அந்த வண்டியைப் பிறகு நான்கு பேர் சேர்ந்தும் நகர்த்த முடியவில்லை.

வேலை மட்டும் நடந்தது. டாக்டர் வாரம் ஒரு முறை வந்து படங்களைக் காட்டித் திருத்தினார். ஊரும் வந்து திருத்தியது. மிருகம் என்றால் எங்களுக்கு ஆடு; நல்ல மிருகம் என்றால் கண்காட்சியில் ரிப்பன் வாங்கும் கிடா.

"முதுகு வளைஞ்சு கெடக்கே கெர்னீல்ஸ், நேராக்கு."

"அது அப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொன்னாங்க."

"கால் பப்பரப்பான்னு நிக்குது. எந்த நடுவரும் ரிப்பன் தர மாட்டான்."

"ரிப்பனுக்கு இல்லப்பா."

"கம்பளி எங்க வைப்பே?"

"கம்பளி கெடையாது."

"அப்ப ஏன் செத்துச்சுன்னு டாக்டர் இவ்வளவு யோசிக்கிறாங்க?"

முகங்களை மட்டும் அவர் யாருக்கும் காட்டவில்லை. தலைகளைச் சாக்குப் போட்டுக் கட்டி வைத்துவிட்டார். ஈரம் காயக் கூடாது என்றார். டாக்டர் மட்டும் பார்த்தார். மண்டையோடு சரி, தாடை சரி, பல் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். பாவம், அவருக்கு ஊர் முகங்கள் இன்னும் பழக்கமாகவில்லை.

திறப்பு விழா அன்று ஸ்டேஷன் நடைமேடை முழுக்கக் கூட்டம். கம்பி வலையில் ரொட்டி வெந்தது, ஆட்டு விலா பொரிந்தது. பாதிரியார் ஜெபித்தார். ஊம் ஃபான் பழைய கோட்டும் புதுப் பல்லுமாக முன்வரிசையில். பக்கத்தில் மீட்டா, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியில். கெர்னீல்ஸ் தண்டவாளம் இருந்த பள்ளத்தில் இறங்கி நின்றுகொண்டார். தலை மட்டும் தெரிந்தது.

முதல் சாக்கை அவிழ்த்தார்கள். பொந்துக்குள் சுருண்டு கிடக்கும் சின்ன மிருகம். பூனை அளவு, பாதி பல்லி பாதி நாய். முகம் முடிவெட்டும் டோல்ஃப்.

"இந்தச் சின்னவங்க பொந்துல பதுங்கி அந்த அழிவைத் தாண்டினாங்க" என்றார் டாக்டர். "இவங்க சொந்தத்துலதான் பின்னால விதவிதமாக் கெளை விட்டுது. எலி, ஆடு, திமிங்கிலம், நாம, எல்லாரும்."

"அப்ப நீங்க எல்லாரும் என் பேரப்பிள்ளைங்க" என்று டோல்ஃப் எழுந்து நின்று அறிவித்தார். "இனிமே கடனுக்கு முடி வெட்டிக்க வராதீங்க."

இரண்டாவது சாக்கு. கூட்டம் "ஆ" என்றது. சிங்கம் அளவு மிருகம். கத்தி போல இரண்டு கோரைப்பல், முன்னால் பின்னால் எங்கும் பல். அந்தப் பற்களுக்கு மேலே, திருப்தியும் பசியும் கலந்து, எங்கள் ஊம் ஃபான் கூப்மன் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஃபான் மெல்ல எழுந்தார். சிலையின் அருகே போய், அதைப் போலவே வாயைத் திறந்து காட்டினார். கைதட்டல் நிற்கச் சிறிது நேரமாயிற்று.

"டாக்டர், இதுதானே அந்தக் காலத்துல பெரிய ஆளு?"

"ஆமாங்க. இதுக்கு எதிர்ல யாருமே நிக்க முடியாது."

"கேட்டுக்க, மீட்டா" என்றார் ஃபான். அந்தக் கணத்தில் அவர் கெர்னீல்ஸை மன்னித்தே விட்டார். எதற்காக என்று அவருக்கே தெரியாது.

மூன்றாவது சாக்கை அவிழ்த்ததும் கைதட்டக் கை தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள். பன்றி போலக் குட்டையான உடம்பு, பீப்பாய் வயிறு, மண்வெட்டி போல இறங்கும் மூக்கு, மேலிருந்து தொங்கும் இரண்டே பல். கண், நெற்றி, கன்னத்து மேடு, ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்க்கும் பார்வை எல்லாம் மீட்டா. இரட்டைப்பல்லன் என்று நாங்கள் பெயர் வைத்திருந்த மிருகம் எங்களை மீட்டாவின் கண்ணால் பார்த்து, எங்கள் வாயை மதிப்பிட்டுக்கொண்டிருந்தது.

மீட்டா எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். சிலையின் தாடையைப் பிடித்துக் கட்டைவிரலை உள்ளே விட்டுக் கீழ்வரிசையைத் தடவினார். ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும் தடவினார்.

"கீழ ஒண்ணுமே இல்ல" என்றார்.

கட்டைவிரலை வெளியே எடுத்துக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"வாய் போச்சு" என்றார் மீட்டா. ஏலத்தில் கூவும் குரல் அல்ல; மெதுவாக. அதுதான் பயங்கரமாக இருந்தது. "என் மொகத்தை வெச்சது பரவாயில்ல. லாரிக்காரன் மொகம் தேவதைக்கு இருக்கும்போது என் மொகம் பன்னிக்கு இருந்துட்டுப் போகட்டும். ஆனா கழிச்சுக்கட்டின கெழட்டு ஆட்டு வாயை வெச்சிருக்கியே, கெர்னீல்ஸ். ஊரைக் கூட்டி வெச்சு என்னைக் கடைக்கு அனுப்புறியா?"

"சேச்சே, என் கடைக்கு வந்தாலும் உன்னை வெட்ட மாட்டேன், மீட்டா" என்றார் ஃபான். ஆறுதலாகத்தான் சொன்னார்.

கெர்னீல்ஸின் தலை பள்ளத்துக்குள் இன்னும் இறங்கியது. "படத்துல அப்படித்தான் இருந்துச்சு" என்ற குரல் மட்டும் மேலே வந்தது. "மொகம் நான் வெக்கல. கை அப்படியே போயிருச்சு. மூணு மிருகமும் ஆரம்பிக்கும்போது அந்த மொகமாத்தான் வந்துச்சு. ரெண்டை இடிச்சுட்டு மாத்தினேன். மூணாவதை இடிக்க மனசு வரல."

இது கெர்னீல்ஸ் தன் ஆயுளில் கலவை விகிதம் கலக்காமல் பேசிய மிக நீண்ட பேச்சு. ஆனால் மீட்டாவின் தாடை இறங்கவில்லை. வாய் பார்ப்பவளிடம் வாய் விஷயத்தில் சமாதானம் பேச முடியுமா? அவர் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"டாக்டரம்மா, உள்ளதைச் சொல்லுங்க. இதுக்கு என்ன வயசு? பல்லு எப்ப போச்சு?"

டாக்டர் நொலிதா மேடையில் படிக்க வைத்திருந்த உரையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

"பல்லு போகல, தான்னி. வர்றதே இல்ல. இதுக்கு இருந்தது அலகு. ஆமைக்கு இருக்கே, அந்த மாதிரி."

"ஆமைக்கா?"

"ஆமை வாயைப் பார்த்திருக்கீங்களா?"

மீட்டா யோசித்தார். "ஆமையை யாரும் ஏலத்துக்குக் கொண்டாரதில்ல" என்றார். பிறகு, நேர்மையானவர் ஆகையால், "ஆனா வறட்சியில ஆமை சாகாது. முள்ளுக் கள்ளியைக்கூட வெட்டித் தின்னும்" என்றும் சொன்னார்.

"அதேதான். கடிக்க அலகு, தோண்ட ரெண்டு பல்லு, கட்டையான காலு. கெடைச்சதைத் தின்னுச்சு, சூட்டுல குழிக்குள்ள போய்ப் படுத்துச்சு. கோட்டுக்கு மேல நான் அள்ள அள்ள வர்றது இதோட எலும்புதான்."

"அந்த வாய் நிறைஞ்சவரு?" என்று டோல்ஃப் கோரைப்பல்லனைச் சுட்டிக் காட்டினார். பேரப்பிள்ளைகளின் கல்வியில் அவருக்கு அக்கறை வந்திருந்தது.

டாக்டர் ஃபானைப் பார்த்துத் தயங்கினார். "அது கோட்டைத் தாண்டல. பெரிய இரை போச்சு, அதுவும் போச்சு. வம்சமே இல்ல."

"ஒண்ணுகூடவா?" என்றார் ஃபான்.

"ஒண்ணுகூட இல்லைங்க."

ஃபான் வாயை மூடினார். புதுப்பல் வந்த பிறகு அவர் வாய் மூடி நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மீட்டா மட்டும் இன்னும் விடவில்லை. "வயசு கேட்டேனே."

"எலும்பைக் குறுக்க வெட்டினா மரத்துல இருக்குற மாதிரி வருஷத்துக்கு ஒரு வளையம் தெரியும், தான்னி. கோட்டுக்குக் கீழ இருக்குற இரட்டைப்பல்லன் நிதானமா வளர்ந்திருக்கு. பன்னெண்டு, பதிமூணு வருஷம்னு வாழ்ந்திருக்கு. மேல இருக்குறதுல ரெண்டு மூணு வளையந்தான். அந்தக் கஷ்ட காலத்துல, முழுசா வளர்ந்துட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்ததெல்லாம் ஜோடி சேர்றதுக்கு முன்னாலயே செத்துப் போச்சு. சட்டுன்னு ஜோடி சேர்ந்து சட்டுன்னு குட்டி போட்டதுதான் நின்னுச்சு."

நடைமேடையில் விலா எலும்பு கருகும் வாசனை வந்தது. யாரும் திருப்பிப் போடவில்லை. மீட்டா சிலையின் முகத்தை மறுபடி பார்த்தார். இந்தத் தடவை வாயைப் பார்க்கவில்லை. பிறகு பள்ளத்தின் விளிம்புக்குப் போய்க் கீழே குனிந்தார்.

"கெர்னீல்ஸ், டாக்டரம்மா சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"யாரு பொழைச்சா?"

"சட்டுன்னு... சட்டுன்னு ஜோடி சேந்தவங்க."

"பொறுமையா இருந்தவங்க?"

"கோட்டுக்குக் கீழ."

"நீ எங்க நிக்கிற?"

கெர்னீல்ஸ் தான் நிற்கும் இடத்தைக் கவனமாகப் பார்த்தார். தண்டவாளப் பள்ளம். மிகவும் கீழே. இரண்டு கையையும் ஊன்றி மேலே ஏற முயன்றார், முடியவில்லை. டோல்ஃபும் பாதிரியாரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். நடைமேடையில் வந்து நின்று, தொப்பியைக் கழற்றி, உள்ளே தேடினார்.

"மீட்டாவுக்கு..." என்று ஆரம்பித்தார். கூட்டத்தில் யாரோ "தொட்டி" என்று முணுமுணுத்தார்கள். "மீட்டாவுக்கு ஒரு... புருஷன் வேணுமான்னு கேக்கலாம்னு."

"கலவை எப்படி?" என்றார் மீட்டா.

"பழைய கலவைதான். ஆனா இன்னும் வெடிக்கல."

மீட்டா சிரித்தார். சிரித்துவிட்டு முன்வரிசைப் பக்கம் திரும்பினார். "ஊம் ஃபான், நீங்க கேக்குறதுக்கு முன்னாலயே பதில் சொல்லிட்டதா நெனைச்சுக்குங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். ஃபான் கையை அசைத்தார். அவர் மனசில் வேறு விஷயம் இருந்தது. கோரைப்பல்லனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப கம்பளி வெட்டு முடிஞ்சதும்..." என்று கெர்னீல்ஸ் தொடங்கினார். "மழையும் ஒரு தடவை பெஞ்சுட்டா, மண்ணு..."

"கெர்னீல்ஸ்!"

"இந்த ஞாயிறு" என்றார் கெர்னீல்ஸ்.

எங்கள் தேவாலயத்தில் கல்யாணத்துக்கு முன்னால் அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும்; ஆகவே கெர்னீல்ஸ் சொன்ன ஞாயிறு முதல் வாசிப்போடு நின்றது. முதல் ஞாயிறு டாக்டரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கெர்னீல்ஸ் அரெண்ட்சே, மீட்டா ஸ்தூர்மன் என்று பாதிரியார் வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். வழக்கமாக அந்த இடத்தில் ஒரு குழந்தை அழும், அத்தோடு மேலே போய்விடுவார்கள். அன்று ஊம் ஃபான் கூப்மன் எழுந்தார்.

எல்லா பெஞ்சும் கிறீச்சிட்டது. கெர்னீல்ஸின் கழுத்து காலருக்குள் இறங்கியது. மீட்டா மட்டும் நிமிர்ந்து ஃபானை நேராகப் பார்த்தார்.

"கல்யாணத்துக்குக் கறி என் கடையில இருந்துதான் வரும்" என்றார் ஃபான். "காசு வாங்க மாட்டேன். அது ஒண்ணு. இன்னொண்ணு. அந்த மிருகங்களுக்கு ஊர்க்காரங்க மொகம் இருக்குறது முறையில்லை, சுரண்டி எடுக்கணும்னு சில பேரு டாக்டரம்மாகிட்டப் பேசியிருக்காங்க." வாத்தியார் தன் ஜெபப் புத்தகத்தை ஆழ்ந்து படிக்க ஆரம்பித்தார். "மத்த ரெண்டையும் என்ன வேணா செய்யுங்க. என் மொகத்துல உளி வெச்சா நான் சும்மா இருக்க மாட்டேன்."

"ஃபான்" என்றார் பாதிரியார், "அதுக்கு வம்சமே இல்லைன்னு டாக்டர் சொன்னாங்களே."

"வம்சம் இல்லாட்டிப் போகுது. இத்தனை கோடி வருஷம் கழிச்சும் அதோட பல்லைப் பார்த்து ஊரே வாயைப் பொளந்துச்சா இல்லையா?"

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப இது ஆட்சேபமா, ஃபான்?"

"ஆட்சேபம் இல்ல. அறிவிப்பு" என்றார் ஃபான், முழுவரிசையும் தெரியச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.